கொமிட் ஆனாப் போதுமா?

கல்லடி, மட்டக்களப்பு

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைச்சுது. இங்கயும் மழை விட்டபாடில்லை. பொத்துவில் கிளையில வலைக்குக் காவல் நிக்கிற ஃபயர்வோல் பெட்டி, அந்த ஜூனிப்பர் எஸ்ஆர்எக்ஸ் கதைக்கே வாறன்.

கொமிட் ஆகுது, அதாவது மாத்தின கொன்ஃபிக் நடைமுறைக்கு வருகுது, ஆனா கமரா ரெக்கோடர் வெளியில இருந்து திறக்குதில்லை எண்டு எழுதியிருக்காய். கொமிட்டே பிழைச்சா பெட்டி வாய் திறந்து சொல்லும்: "கொன்ஃபிகரேஷன் செக்-அவுட் ஃபெயில்ட்". எந்த இடத்தில எண்டும் காட்டும். அனேகமா பொலிசியில, அதான் எதை விடணும் எதை மறிக்கணும் எண்ட விதியில, எழுதின பேர் பெட்டியின்ட முகவரிப் பட்டியலான அட்ரஸ் புக்கில இருக்காது. அது ஐஞ்சு நிமிஷ வேலை.

உன்ட வில்லங்கம் வேற. பொலிசியில நீ போட்டது வெளி முகவரி 203.0.113.10, போர்ட் 8443. எஸ்ஆர்எக்ஸ் டெஸ்டினேஷன் நாட்டை (போய்ச் சேர வேண்டிய வெளி முகவரியை உள் முகவரியா மாத்துறது) முடிச்சிட்டுத்தான் பொலிசியைப் பாக்கும். பக்கெட் (வலையில வாற தரவுத் துண்டு) பொலிசிக்கு வந்து சேரக்குள்ள அதின்ட முகவரி 192.168.10.20, போர்ட் 443 ஆக மாறியிருக்கும். ஆகவே பொலிசியில உள் முகவரியையும் 443ஐயும் போடு. அனுப்புற பக்கத்து முகவரியை மாத்துற சோர்ஸ் நாட் பொலிசிக்குப் பிறகு.

இன்னொண்டு. அந்த வெளி முகவரி பெட்டியின்ட இன்டர்ஃபேஸில (இணைப்பு வாயில) போட்டதா, இல்லை அதே சப்நெட்டில (முகவரித் தொகுதியில) வேற ஒண்டா? வேற எண்டா புரொக்ஸி ஆர்ப் வேணும், அதாவது அந்த முகவரியைக் கேட்டா பெட்டியே பதில் சொல்லணும். இல்லாட்டி பக்கெட் பெட்டிக்கே வராது, நீ பொலிசியை எத்தினை தரம் திருத்தினாலும் சரிதான்.

புதுப் பொலிசி எப்பவும் அடியிலதான் போய் நிக்கும். மேல ஒரு டினை (மறிக்கிற விதி) இருந்தா இதுக்கு முறையே வராது; "இன்சேர்ட்" கட்டளையால மேல ஏத்து. எது பிடிக்குது எண்டு ஊகிக்காத, "ஷோ செக்யூரிட்டி மேட்ச்-பொலிசீஸ்" குடுத்தாப் பேரோட சொல்லும். அதிலயும் மாத்தின முகவரியைத்தான் குடுக்கணும்.

நீ கல்முனையில இருந்துகொண்டு பொத்துவில் பெட்டியில கை வைக்கிற ஆள். "கொமிட் கன்ஃபர்ம்ட் 5" இல்லாம ஒண்டும் செய்யாத. ஐஞ்சு நிமிஷத்துக்குள்ள திரும்ப கொமிட் குடுக்காட்டி பழைய கொன்ஃபிக் தானா வந்திடும். இலக்கம் போடாட்டி பத்து நிமிஷம். சோதிக்கிறது புது எஸ்எஸ்எச் (தூர இருந்து பெட்டிக்குள்ள போற வழி) யன்னல் திறந்து; திறந்து கிடக்கிற பழைய யன்னல் வேலை செய்யுது எண்டு நம்பினா ஏமாந்து போவாய்.

பூட்டுப்படுறதுக்கு வழக்கமான காரணம் ஹோஸ்ட்-இன்பவுண்ட், அதான் பெட்டிக்கே எது வரலாம் எண்ட அமைப்பு. ஸோனில (இன்டர்ஃபேஸுகளைச் சேர்த்த தொகுதி) எஸ்எஸ்எச் இருக்கும். ஆரோ இன்டர்ஃபேஸுக்குக் கீழ பிங் (பெட்டி பதில் தருதா எண்டு தட்டிப் பாக்கிறது) மட்டும் சேர்ப்பாங்க. இன்டர்ஃபேஸில எழுதினது ஸோனில உள்ளதைத் தள்ளிப்போடும், எஸ்எஸ்எச் போயிடும். பிங் போகுது, உள்ளுக்குப் போகேலாது! அப்பிடி எண்டா இங்கதான் பாக்கணும்.

"றோல்பக் 1" அடிச்சா முந்தின கொன்ஃபிக்கை எடுத்து வைக்கும், ஆனா அதால மட்டும் ஒண்டும் மாறாது, மறுகா கொமிட் அடிக்கணும். உங்கட ஒப்பிசில ரெண்டு மூண்டு பேர் ஒரே பெட்டியில கை வைக்கிறதால "கொன்ஃபிகர் எக்ஸ்க்ளூசிவ்"ல போ, அப்ப வேற ஆரும் மாத்தேலாது. இல்லாட்டி மற்றவன் அரைகுறையா விட்டதும் உன்ட கொமிட்டோட சேர்ந்து போகும்.

புரொக்ஸி ஆர்ப்பைப் பாத்திட்டு எழுது. கொமிட்டுக்கு முதல் "ஷோ பைப் கம்பேர்" காட்டுற பிளஸ் (சேர்த்தது), மைனஸ் (எடுத்தது) வரிகளையும் அப்பிடியே அனுப்பு.

அன்புடன்,
உன்ட கல்லடியான்