என் சந்தா யாருக்குப் போகிறது?

இசை ஸ்ட்ரீமிங் நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். மாதம் தவறாமல் சந்தா கட்டிப் பாட்டுக் கேட்கிறவன் நான். அந்தப் பணம் நான் கேட்கும் கலைஞர்களுக்குப் போகிறது என்றே பல வருடங்கள் நம்பியிருந்தேன். அப்படி இல்லை என்று தெரிந்ததால்தான் இந்த மடல்.

உங்களில் பெரும்பாலானவர்கள் எல்லாருடைய சந்தாவையும் ஒரே குவியலாகச் சேர்க்கிறீர்கள். உங்கள் பங்கு போக மீதியை, மொத்தத்தில் எந்தப் பாட்டு எத்தனை தடவை ஓடியது என்று பார்த்துப் பிரிக்கிறீர்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சந்தாதாரர்கள் இரண்டே பேர் என்று வைத்துப் பாருங்கள். நான் ஒரு புல்லாங்குழல் கலைஞரை மட்டும் 100 தடவை கேட்கிறேன். இன்னொருவர் பிரபலமான பாடகர் ஒருவரை நாள் முழுக்க ஓடவிட்டு 900 தடவை கேட்கிறார். இருவரும் கட்டியது ஒரே தொகை. குழல் கலைஞருக்கோ குவியலில் பத்தில் ஒரு பங்குதான். நான் கொடுத்ததில் ஐந்தில் நான்கு பங்கு, நான் ஒருமுறைகூடக் கேட்காத பாடகருக்குப் போய்விட்டது.

சிடி வாங்கிய காலத்தில் இப்படி இல்லை. நூறு தடவை கேட்டாலும், அலமாரியிலேயே தூங்கினாலும், அந்த விலையில் ஒரு பங்கு அந்த ஆல்பத்துக்கு உரியவர்களுக்குத்தான். 2003இல் ஆப்பிளின் இணையக் கடையான ஐடியூன்ஸ் ஒரு பாட்டை 99 சென்ட்டுக்கு விற்றபோதும் அந்தக் கணக்கு மாறவில்லை. எந்தப் பாட்டை வாங்கினேனோ அதற்குத்தான் என் காசு. அந்தத் தொடர்பை அறுத்தது நீங்கள்.

நீங்கள் செய்த நல்லதை நான் மறக்கவில்லை. பாட்டுகளை இணையத்தில் இலவசமாகப் பகிர்ந்துகொள்ள வழிசெய்த நாப்ஸ்டர் 1999இல் வந்த பிறகு, பாட்டுக்குக் காசு கொடுக்கும் பழக்கமே போய்விடும் என்று துறை முழுக்கப் பயந்தது. மறுபடியும் மக்களைக் காசு கொடுக்க வைத்தது உங்கள் சேவைகள்தான். அறைக்குள் ஒரு லேப்டாப்பில் பதிவுசெய்த பாட்டை உலகம் முழுக்கக் கேட்க வைக்க முடிகிறதே, அதுவும் சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் அந்த லேப்டாப்காரருக்கு என்ன கிடைக்கிறது? 12 மாதங்களில் 1000 தடவைகூட ஓடாத பாட்டுக்கு ஒலிப்பதிவுக்கான உரிமைத்தொகை (ராயல்டி) கிடையாது என்று 2024இல் ஸ்பாட்டிஃபை விதி கொண்டுவந்தது. அவ்வளவு சிறிய தொகை கலைஞர் கைக்குப் போய்ச் சேருவதே இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். சரி, சேர்த்துவைத்துக் கொடுக்கலாமே? அவருடைய காசை எடுத்து மற்றவர்களுக்குப் பங்கிடுவானேன்?

30 விநாடி ஓடினாலே ஒரு தடவை ஓடியதாகக் கணக்கு என்ற விதியும் அப்படித்தான். 20 நிமிட வயலின் வாசிப்பும் இரண்டு நிமிடப் பாட்டும் உங்கள் ஏட்டில் ஒன்றுதான். பாட்டின் முன்னிசை சுருங்குவதற்கும், பல்லவி முதல் விநாடியிலேயே வந்து விழுவதற்கும் இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பொறுமையாக விரியும் இசையைக் கேட்டு வளர்ந்த எனக்கு இது வலிக்கிறது.

வேறு வழி இல்லாமல் இல்லை. ஒவ்வொருவர் கட்டும் காசையும் அவர் கேட்டவர்களுக்கே பிரிக்கும் முறையை 2021இல் சவுண்ட்கிளவுட் என்ற இசைத்தளம் தொடங்கியது. அதே வருடம் பிரான்சின் தேசிய இசை மையம் வெளியிட்ட ஆய்வோ, இந்த மாற்றத்தால் அதிகம் கேட்கப்படாத கலைஞர்களுக்குப் பெரிய தொகை கூடிவிடாது என்றது. இருக்கட்டும். அவர்கள் பணக்காரர்களாகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கென்று நான் கொடுத்தது அவர்களுக்குப் போகட்டும் என்கிறேன்.

மாற்ற நாளாகும் என்றால், அதுவரை ஒன்று செய்யுங்கள். இந்த மாதம் நான் கட்டியதில் யார் யாருக்கு எவ்வளவு போனது என்று என் கணக்குப் பக்கத்தில் காட்டுங்கள். வருடக் கடைசியில் நான் எத்தனை நிமிடம் கேட்டேன் என்று வண்ணப் படமாகப் போட்டுக் காட்டுகிறீர்களே, அதன் பக்கத்திலேயே.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரன்