அருவிக்கு மேலே கிடக்கும் இரும்புப் படகு

அன்பின் குணம்,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவளின் கலியாணம் நல்லபடி ஒப்பேறியது அறிந்து மெத்தச் சந்தோசம். படத்தில் நீ நன்றாக மெலிந்துபோய் இருக்கிறாய். சீனி வருத்தத்துக்கு மருந்தை ஒழுங்காக எடு, சும்மா விடாதே. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். பேரன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டான். எனக்கு முழங்கால் நோவுதான், குளிருக்குக் கூடும், வெயிலுக்குக் குறையும்.

நீ கடலோடு வளர்ந்தவன் என்பதால் உனக்கு ஒரு படகின் கதையை எழுத வேண்டுமென்று கனநாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் நாங்கள் முதலில் கூட்டிக்கொண்டு போகிற இடம் நயாகரா. வந்தவர்கள் குதிரைலாட நீர்வீழ்ச்சியின் ஓரத்தில் நின்று படம் எடுப்பார்கள், கொண்டுபோன சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிடுவார்கள், அப்புறம் வீடு திரும்புவோம். இப்போது நான் அவர்களை விடுவதில்லை. ஆற்றோரமாகவே மேற்பக்கம் கொஞ்சம் நடக்க வைக்கிறேன். அங்கே ஒரு பழைய மின்நிலையக் கட்டடம் இருக்கிறது. அந்தப் பக்கமாக ஆற்றுக்குள் பார்த்தால், பாறைகளுக்கு நடுவே, துருவேறி ஓட்டை விழுந்த இரும்புப் பார்ஜ் ஒன்று, அதாவது சாமான் ஏற்றுகிற தட்டைப் படகு, தெரியும். சுற்றிவரத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடும். நூறு வருசத்துக்கு மேலாக அந்த இரும்பு அங்கேதான் கிடக்கிறது.

நடந்தது 1918ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் திகதி. ஆற்றில் தூர்வாரிய கல்லும் மணலும் ஏற்றியிருந்த அந்தத் தட்டைப் படகை ஒரு இழுவைப்படகு இழுத்துக்கொண்டிருந்தது. பார்ஜுக்குச் சொந்தமாக இயந்திரம் கிடையாது. பின்னேரம் கயிறு அறுந்தது. படகில் கஸ்டாவ் லோஃப்பர்க், ஜேம்ஸ் ஹாரிஸ் என்று இரண்டு பேர். ஆறு அவர்களை நேரே நீர்வீழ்ச்சிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

இனி நடந்ததைக் கவனமாகக் கேள். மண்ணைக் கொட்டுவதற்காக அந்த வகைப் படகுக்கு அடியில் கதவுகள் உண்டு. அவர்கள் அந்தக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே ஏற, படகு தாழ்ந்து, ஆழமில்லாத பாறைத் திட்டில் தரைதட்டி நின்றுவிட்டது. நீர்வீழ்ச்சியின் விளிம்புக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை.

நீயும் அப்பாவும் வள்ளத்துக்குள் ஏறிய தண்ணீரை விடிய விடிய இறைத்துக் கரை சேர்ந்ததை எத்தனை தரம் சொல்லியிருப்பாய். படகில் கால் வைத்த எவனுக்கும் தண்ணீரை வெளியே தள்ளத்தானே கை போகும். அந்த அவதியிலும் தண்ணீரை உள்ளே விடுவதுதான் வழி என்று அவர்களுக்குப் பட்டிருக்கிறது. படகு மிதந்திருந்தால் அவர்கள் செத்திருப்பார்கள். அந்தக் கரையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு பேரின் நிதானத்தை நினைத்துத்தான் உடம்பு சிலிர்க்கிறது.

நின்றது சரி, எப்படிக் கரைக்கு வருவது? அந்த இழுப்புக்குள் எந்தப் படகும் போக முடியாது. செய்தி பரவி இரண்டு கரையிலும் சனம் கூடிவிட்டது. தீயணைப்புப் படை வந்தது. அமெரிக்கக் கரையோரக் காவற்படை, கயிறு எறிகிற சின்னப் பீரங்கியைக் கொண்டுவந்தது. கப்பல் உடைந்து கரையோரம் நிற்கிறபோது ஆட்களை மீட்கப் பாவிக்கிற சாமான் அது. முதலில் மெல்லிய கயிறு போய் விழும். அதைப் பிடித்து இழுத்தால் தடித்த கயிறு வரும். பிறகு அந்தத் தடித்த கயிற்றில் கப்பி பூட்டி, கால் இரண்டையும் விட்டு உட்காரத் தக்க கன்வஸ் துணியைத் தொங்கவிட்டு, ஒவ்வொருவராக இழுத்தெடுப்பார்கள். அந்த மின்நிலையத்தின் கூரையில் இருந்துதான் சுட்டார்கள். படகில் நின்ற இருவரும் கிடைத்ததைக் கொண்டு கயிறு சுற்ற ஒரு வழி பண்ணி, பாரக் கயிற்றைக் கையாலேயே இழுத்தெடுத்தார்கள். இதற்குள் இருட்டிவிட்டது. கரையிலிருந்து தேடொளி அடித்துக்கொண்டு வேலை நடந்தது.

கரை சேர்ந்துவிடுவார்கள் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் நடு ஆற்றுக்கு மேலே கயிறுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. கப்பி நகரவில்லை. அப்போது நான் போகிறேன் என்று முன்னுக்கு வந்தவர் வில்லியம் ஹில். 'ரெட்' ஹில் என்றுதான் அங்கே எல்லோரும் சொல்வார்கள். அந்த ஆற்றின் ஒவ்வொரு சுழியும் தெரிந்த ஆள். முதலாம் உலகப்போருக்குப் போய், காயமும் பட்டு, நச்சுவாயுவையும் சுவாசித்துவிட்டு வீடு வந்திருந்தவர். அந்த நெஞ்சோடு, இருட்டில், கயிற்றில் தொங்கிக்கொண்டு சிக்கெடுக்கப் போனார். அந்த இரவில் முழுதாக எடுக்க முடியவில்லை. திரும்பி வந்து, விடிந்ததும் மறுபடி போய்ச் சிக்கை அவிழ்த்தார். காலையில் லோஃப்பர்க்கும் ஹாரிஸும் உயிரோடு கரையேறினார்கள். அந்த வீட்டுக்கு ஆறு பின்னர் கருணை காட்டவில்லை. ரெட் ஹில்லின் மகன் 1951இல் ரப்பர் டியூப்களால் கட்டிய மிதவை ஒன்றில் அதே நீர்வீழ்ச்சியில் இறங்கி இறந்துபோனார்.

அந்த மின்நிலையத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ரொறன்ரோவுக்கு மின்சாரம் அனுப்பக் கட்டியது அது. வரைந்தவர் ஈ. ஜே. லெனொக்ஸ். இங்கே பழைய நகரமண்டபமும் காசா லோமா மாளிகையும் அவர் வரைந்தவைதான். 1974இல் நிலையத்தை மூடிவிட்டார்கள், கட்டடம் இன்னும் அழகாக நிற்கிறது.

படகை எடுக்க யாராலும் முடியவில்லை. நூறு வருசமாக ஆறு அதை அசைக்கவும் இல்லை. இந்த ஆறு புறப்படுகிற ஈரி ஏரியில் பலத்த தென்மேற்குக் காற்று அடித்தால் ஏரித் தண்ணீர் கிழக்குக் கோடிக்குத் தள்ளப்பட்டு ஆறு பெருகும், உனக்கு இது சொல்லாமலே விளங்கும். 2018இல் நூறாண்டு நிறைவுக்கு அங்கே நினைவுப்பலகை வைத்தார்கள். அடுத்த வருசமே, 2019 ஒக்டோபர் 31ஆம் திகதிப் புயலில், படகு இடம்பெயர்ந்து, சரிந்து, சுமார் 50 மீற்றர் கீழே போய் மறுபடி மாட்டிக்கொண்டது. 101 வருசம் அசையாமல் கிடந்தது!

மிச்சமிருக்கிற இரும்பையாவது எடுத்து நூதனசாலையில் வைக்கலாமே என்று என் மகன் கேட்டான். வைக்கக்கூடாது என்பதுதான் என் எண்ணம். படகுக்கும் விளிம்புக்கும் நடுவே இருக்கிற அந்தக் கொஞ்சத் தண்ணீரைக் கண்ணால் பார்த்தால்தான் 1918இல் என்ன நடந்தது என்று ஒருவனுக்கு விளங்கும். கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் அது வெறும் பழைய இரும்பு. ஆறு ஒருநாள் கொண்டுபோகும், போகட்டும். அதுவரை வருகிற ஒவ்வொருவரையும் நான் அந்தக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போவேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆள் தொங்குகிற பாரத்துக்குக் கயிறு நடுவில் தாழாமல் நிற்க, கரையில் உயரம் வேண்டும், அதற்குத்தான் கூரைக்கு ஏறினார்கள். ஆனால் மற்ற முனை கட்டியிருந்த படகு தண்ணீர் மட்டத்தில் அல்லவா இருந்தது. நடுவில் தொங்குகிறவனைத் தண்ணீர் அடிக்காமல் எடுக்க என்ன செய்வீர்கள்? அடுத்த கடிதத்தில் விபரமாக எழுது, முடிந்தால் படமும் கீறி அனுப்பு. வீட்டில் எல்லோரையும் சுகம் கேட்டதாகச் சொல்லு.

இப்படிக்கு,
உன் நண்பன்,
ராசன்
ஸ்காபரோ