ஏழு நாற்காலிகளைத் திருப்பிக் கேட்டு ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை காலை எங்கள் பூங்காவில் நடந்தது தங்கள் காதுக்கு வந்திருக்கும். தங்கள் அலுவலகச் சுற்றறிக்கையைக் காட்டித்தான் மேற்பார்வையாளர் எங்கள் நாற்காலிகளைக் குப்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அதனால் முன்கதை வேண்டாம். ஏழு பச்சை நிற பிளாஸ்டிக் நாற்காலிகள். மாநகராட்சி வாங்கிக் கொடுத்தவை அல்ல. பதினோரு பேர் ஆளுக்கு 300 ரூபாய் போட்டு வாங்கியவை. அவற்றைத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

“பூங்கா நடைப்பயிற்சிக்கு மட்டும். நாற்காலி போட்டு உட்கார்ந்து கூட்டம் கூட்டக் கூடாது” என்று மேற்பார்வையாளர் சத்தமாகப் படித்துக் காட்டினார். ஐயா, நாங்கள் நாற்காலி போட்டது உட்காருவதற்கு அல்ல, எழுந்திருப்பதற்கு.

எனக்கு வயது 68. தொலைபேசி நிலையத்தில் 31 ஆண்டுகள் உட்கார்ந்தே சம்பளம் வாங்கியவள். சென்ற ஆண்டு மாசி மாதம் என் ஒன்றுவிட்ட அண்ணன் தவறிவிட்டார். சாவு வீட்டில் நாற்காலி கேட்டால் நன்றாக இருக்காது என்று அண்ணிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீர்மாலைக்குக் கூப்பிட்டார்கள். பெண்கள் எல்லோரும் எழுந்தார்கள். என்னால் எழ முடியவில்லை. முட்டியில் வலி ஒன்றும் இல்லை. தொடையில் பலம்தான் இல்லை. கையை ஊன்றிப் பார்த்தேன். பக்கவாட்டில் புரண்டு பார்த்தேன். சுவரைப் பிடிக்கலாம் என்றால் எட்டவில்லை. கடைசியில் பந்தல் போட வந்த இரண்டு பையன்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். புடவை எங்கே விலகியது, யார் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அண்ணி அழுகையை நிறுத்திவிட்டு, “பார்த்து, பார்த்து” என்றார். கணவரைப் பறிகொடுத்தவர் அன்று எனக்காகப் பதறினார்.

அதன் பிறகு கொலுவுக்குப் போனாலும் வாசலோடு திரும்பிவிடுவேன்.

இதில் வேடிக்கை, அதற்கு முந்தைய ஆறு மாதமும் நான் ஊரே மெச்சும்படி ஒழுங்காக இருந்தவள். எடையைக் குறைக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். ராத்திரிச் சாப்பாட்டை இரண்டு இட்லியோடு நிறுத்தினேன். தங்கள் பூங்காவின் நடைபாதையைத் தினமும் எட்டுச் சுற்று சுற்றினேன். 88 கிலோ 81 ஆனது. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். போன ஏழு கிலோவில் கொழுப்பு எவ்வளவு, சதை எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற இயன்முறை மருத்துவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் முதலில் கேட்டார். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொன்னார். ஆசிய நாடுகளுக்கென்று 2019இல் வகுத்த அளவுகோலின்படி, 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கவனிக்க வேண்டிய நிலை. எனக்கு 21 வினாடி ஆனது. பெண்ணின் கைப்பிடி வலு 18 கிலோவுக்குக் குறையக் கூடாது. என் வலு 15. “கொழுப்பு கூடியிருக்கிறது, தசை கரைந்திருக்கிறது. ஒல்லியானவருக்குத் தசை கரைந்தால் வெளியே தெரியும், உங்களுக்குத் தெரியாது, மூடிக்கொண்டிருக்கிறது” என்றார். எங்கள் பக்கத்தில் இதையே ‘ஆள்தான் தடி, உள்ளே ஒன்றும் இல்லை’ என்று கேலியாகச் சொல்வார்கள்.

அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த, பருமனான 160 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. உணவைக் குறைத்து, நடை போல மூச்சுவாங்கும் பயிற்சியை மட்டும் செய்தவர்களுக்கு ஆறு மாதத்தில் கொழுப்பு நீங்கலான உடல் எடையில் 5 விழுக்காடு போனது. எடை தூக்கும் பயிற்சி செய்தவர்களுக்கு 2 விழுக்காடுதான் போனது. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 3 விழுக்காடு. ஆனால் நடமாட்டத்தில் எல்லோரையும்விட முன்னேறியவர்கள் அவர்கள்தான். ஆகவே நடக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நடை மட்டும் போதாது என்கிறேன். உலக சுகாதார நிறுவனமும் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது வலுவுக்கும் சமநிலைக்குமான பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறது. வயது போய்விட்டதே என்றும் சொல்ல முடியாது. பாஸ்டனில் 86 முதல் 96 வயது வரையுள்ள முதியோர் இல்லத்துவாசிகள் எட்டு வாரம் காலால் எடை தூக்கிப் பழகினார்கள். தொடை வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. அது 1990இல் அச்சில் வந்த செய்தி. தங்கள் பூங்கா விதிகள் அதற்குப் பிறகுதான் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நாங்கள் செய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து, மெல்ல உட்கார வேண்டும். பொத்தென்று விழக் கூடாது. மெல்ல இறங்குவதில்தான் தொடைக்கு வேலை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்க வேண்டும், ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில்தான் எடை. எளிதாக வந்துவிட்டால் இன்னும் கொஞ்சம் மணல். முடிந்ததும் வீட்டிலிருந்து கொண்டுவந்த சுண்டலோ அவித்த முட்டையோ சாப்பிடுவோம், தசைக்குப் புரதம் வேண்டுமே. (குப்பை போடுகிறோம் என்று புகார் வந்ததாம். முட்டை ஓட்டைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போய் ரோஜாச் செடிக்குப் போடுகிறவர்கள் நாங்கள்.) ஐந்து மாதத்தில் என் 21 வினாடி 14 ஆனது. எடை ஒரு கிலோதான் குறைந்தது. இந்த முறை யாரும் பாராட்டவில்லை. போன மாதம் வீட்டில் தரையில் உட்கார்ந்து, கட்டில் காலைப் பிடித்து, நானாகவே எழுந்தேன். அறையில் யாரும் இல்லை. இரண்டாவது தடவையும் உட்கார்ந்து எழுந்தேன்.

அந்த நாற்காலிகளைத்தான் ஐயா, எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

“கீழே விழுந்தால் யார் பொறுப்பு?” என்று உதவிப் பொறியாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதே பூங்காவில் தாங்கள் திறந்துவைத்த உடற்பயிற்சிக் கருவிகளில், காற்றில் கால் வீசி நடக்கும் கருவியில் ஏறி நிற்கச் சொல்லி எழுபது வயதுக்காரரை யார் பொறுப்பில் விட்டிருக்கிறீர்கள்? பிடித்துத் தொங்கும் கம்பி எட்டடி உயரத்தில் இருக்கிறது. அதைத் தொட எனக்கு ஒரு நாற்காலி வேண்டும். அதுவும் தங்கள் கிடங்கில் இருக்கிறது. நடைமேடையை முழங்கால் உயரத்துக்குக் கட்டுகிறீர்கள். பேருந்தின் முதல் படியில் கால் வைக்கும் முன் நடத்துநர் விசில் ஊதிவிடுகிறார். பொதுக் கழிப்பறையில் பிடித்து எழ ஒரு கம்பி கிடையாது. பிறகு அக்டோபர் முதல் நாள் முதியோர் தினத்துக்கு மேடை போட்டு எங்களுக்குச் சால்வை போர்த்துகிறீர்கள். அந்த மேடைக்கும் கைப்பிடி இல்லை.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2021இல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுத்துவிட்டவர்களுக்கு இயன்முறை சிகிச்சை வீடு தேடி வருகிறது. என் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வருகிறது, அதை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். படுக்காமல் இருப்பதற்கு நாங்களே தேடிப் போகிற இடத்தைப் பூட்ட வேண்டாம் என்பதுதான் என் விண்ணப்பம்.

ஆகவே பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ஏழு நாற்காலிகளையும் திருப்பிக் கொடுங்கள். செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறரை முதல் ஏழரை வரை கூடாரத்தின் அடியில் எங்களுக்கு இடம் கொடுங்கள். தங்களால் இயன்றால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மாதம் ஒரு முறை இயன்முறை மருத்துவர் ஒருவரை அனுப்பிவையுங்கள், ஏனெனில் எங்கள் குழுவில் இருப்பவருக்கும் வயது 74 ஆகிவிட்டது. இந்தக் கடைசிக் கோரிக்கைக்குத் தாங்கள் காலம் எடுத்துக்கொள்ளலாம். நாற்காலிக்கு வேண்டாம்.

மண்டல அலுவலகக் கிடங்கில் அடையாளம் காண்பது எளிது. ஒன்றின் முதுகில் விரிசல் விட்டுக் கம்பியால் தைத்திருக்கும். இன்னொன்றில் ஊதா மையால் 14 என்று எழுதியிருக்கும். அது நான் எழுதியது.

வருகிற வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்கு நாங்கள் பூங்காவில் இருப்போம்.

இப்படிக்கு,
செவ்வாய் வெள்ளிக் குழுவினர் பதினோரு பேர் சார்பில்,
ஓய்வுபெற்ற தொலைபேசி நிலைய ஊழியர்