சாக்கெட்ல பின்னே இல்லாத மதர்போர்டுக்கு "பின் வளைஞ்சிருக்கு"ன்னு ரிப்போர்ட்: வாரண்டி மறுத்தது பத்தி புகார்

கஸ்டமர் கேர் மேலதிகாரி அவர்களுக்கு,

வணக்கம் சார். டிக்கெட் நம்பர், பில், போர்டோட சீரியல் நம்பர் எல்லாம் இந்த மெயிலோடயே வச்சிருக்கேன், தயவுசெஞ்சு மறுபடியும் அதையே கேட்டு ஒரு பதில் அனுப்பாதீங்க. சாட், போன், நேர்லன்னு எல்லா பக்கமும் அலைஞ்சு அலுத்துப் போய்த்தான் இதை எழுதுறேன்.

போர்டு என்னன்னு உங்களுக்கே தெரியும். உங்க பி550 மதர்போர்டு, அதுல ஏஎம்டியோட ரைசன் 5 5600எக்ஸ் பிராசசர் (சிபியூ), மூணு வருஷ வாரண்டி இன்னும் முடியல. பிராசசரை வழக்கமான ஸ்பீடுக்கு மேல ஓட்டுற உங்க ஓவர்க்ளாக் ஆப் ஓடிக்கிட்டு இருக்கும்போதே போர்டு செத்துப்போச்சு. அதுக்கு மதுரை சர்வீஸ் சென்டர்ல குடுத்த ரிப்போர்ட்ல "சிபியூ சாக்கெட்ல பின் வளைஞ்சிருக்கு, கஸ்டமர் டேமேஜ், வாரண்டி கிடையாது"ன்னு எழுதியிருக்காங்க. சார், அது ஏஎம்4ங்கிற ஏஎம்டி சாக்கெட் (பிராசசரைச் செருகுற இடம்) இருக்குற போர்டு. ஏஎம்4ல பின் இருக்குறது பிராசசர் அடியில, மொத்தம் 1331. சாக்கெட்ல இருக்குறது வெறும் ஓட்டை. சாக்கெட்டுக்குள்ள பின் இருக்குறது இன்டெல் எல்ஜிஏ, ஏஎம்டியோட புது ஏஎம்5 மாதிரி போர்டுலதான். நீங்க செஞ்ச போர்டுல பின் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாம இருக்காது, அப்ப அந்த ரிப்போர்ட்டை எழுதினவரு என் போர்டைத் திறந்தே பாக்கலன்னுதான அர்த்தம்? இதுக்கு மட்டும் நேரா பதில் சொல்லுங்க.

நான் தேனியில கல்யாண வீடியோ எடிட்டிங் பண்றேன், வீட்டுலயே ஒரு சிஸ்டம். எக்ஸ்போர்ட் கொஞ்சம் சீக்கிரம் முடியட்டும்னு ஓவர்க்ளாக் பண்ணக் கத்துக்கிட்டேன். புதுசுதான், ஆனா கண்ணை மூடிக்கிட்டு எதுலயும் கை வைக்கல. பிராசசரோட வந்த குட்டி கூலரை எடுத்துட்டு டவர் கூலர் மாட்டி, பழைய பேஸ்ட்டைத் துடைச்சு புதுசு போட்டு, எதையும் மாத்துறதுக்கு முன்னாடியே ஃபுல் லோடுல சூடு எவ்ளோ போகுதுன்னு ஹெச்டபிள்யூ இன்ஃபோங்கிற சாஃப்ட்வேர்ல பாத்துக் குறிச்சு வச்சேன். முதல்ல ராமை அதோட முழு ஸ்பீடுல ஓட வைக்கிற எக்ஸ்எம்பியை ஆன் பண்ணி, அது மெம்டெஸ்ட்86ங்கிற ராம் டெஸ்ட்ல பாஸ் ஆன பிறகுதான் சிபியூ பக்கம் வந்தேன், ரெண்டையும் ஒண்ணா மாத்தினா எதுல கோளாறுன்னு கண்டுபிடிக்கவே முடியாதுல்ல. அப்புறம் பயாஸ்ல (போர்டோட செட்டிங்ஸ் இருக்குற இடம்) வோல்டேஜை 1.25 வோல்ட்ல நிறுத்திட்டு ஸ்பீடை மட்டும் 50 மெகாஹெர்ட்ஸ், 50 மெகாஹெர்ட்ஸா ஏத்தி, ஒவ்வொரு படிக்கும் சினிபெஞ்ச் டெஸ்ட்டை அரை மணி நேரம் ஓட்டி, அதுல நின்னாத்தான் அடுத்த படி. 4.5 கிகாஹெர்ட்ஸ்ல அசையாம ஓடுச்சு. சித்திரை வெயில்ல ஃபேன் காத்தே அனலா அடிக்கிற ரூம்ல கூட 80 டிகிரியைத் தாண்டல. ராத்திரி பூரா ஓசிசிடி டெஸ்ட்டை ஓட விட்டும் ஒரு எரர் வரல. கரண்ட் போய்ட்டு வந்ததால ஆச்சுன்னு மட்டும் சொல்லிடாதீங்க, யூபிஎஸ் இருக்கு.

அப்புறம் எதுக்கு உங்க ஆப்பைத் தொட்டேன்னா, உங்க ஆளு சொன்னதாலதான். உங்க பயாஸ் அப்டேட் போட்டதும் நான் சேவ் பண்ணி வச்சிருந்த ப்ரொஃபைல் பூரா அழிஞ்சுபோச்சு, அதைத் திரும்ப எடுக்க முடியுமான்னு கேக்கத்தான் போன் பண்ணேன். "மேனுவலா எல்லாம் பண்ணாதீங்க சார், புதுசா பண்றவங்களுக்காகத்தான் ஒன் கிளிக் குடுத்திருக்கோம், அது சேஃபா தானே செட் பண்ணிக்கும்"னாரு. பாக்ஸ்லயும் நீங்க அதையேதான் பெருசா போட்டிருக்கீங்க. கால் ரெக்கார்ட் ஆகுதுன்னு ஆரம்பத்துலயே சொல்றீங்கல்ல, எடுத்துக் கேளுங்க.

ஆப்ல அந்த ஒன் கிளிக் பட்டனை அமுக்கினதும் அது ஸ்பீடை 4.7ன்னு வச்சுக்கிட்டு வோல்டேஜை 1.45க்குக் கொண்டுபோச்சு. ஒண்ணு ரெண்டு கோர் மட்டும் ஓடும்போது ரைசன் ஒரு நொடி 1.4க்கு மேல போறது சகஜம், அது எனக்கும் தெரியும். ஆனா ஆறு கோரும் முழு லோடுல எக்ஸ்போர்ட் ஓடிக்கிட்டு இருக்கும்போது 1.45லயே பிடிச்சு வச்சா பிராசசர் என்ன ஆகும், அதுக்கு கரண்ட் குடுக்குற விஆர்எம் என்ன ஆகும்? லாக் ஃபைலை இணைச்சிருக்கேன், பாருங்க. சிபியூ 95 டிகிரில போய் முட்டி நிக்குது, விஆர்எம் 110ஐத் தாண்டிப் போய்க்கிட்டே இருக்கு, அதோட லாக் நின்னுபோச்சு. ஸ்கிரீன் இருண்டு, கருகின வாடை வந்து, போர்டு ஓரத்துல சிபியூன்னு எழுதியிருக்குற இடத்துல சிவப்பு லைட் மட்டும் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. செட்டிங்ஸை ரீசெட் பண்ண சீமாஸ் பேட்டரியைக் கழட்டியாச்சு, ஜம்பரை ஷார்ட் பண்ணியாச்சு, ஒத்த ராம் போட்டு பாத்தாச்சு, உங்க பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டனையும் அமுக்கியாச்சு, உயிர் வரல. அதே பிராசசரை ஃபிரண்டு கடையில வேற போர்டுல போட்டா ஜம்முனு ஓடுது. அதோட பின் எல்லாம் நேரா இருக்கு, போட்டோவும் வச்சிருக்கேன்.

மதுரைக்கு வரச்சொல்லி உங்க மெசேஜ், தேதி நேரம் எல்லாம் போட்டு வந்துச்சு. விடியக்காலம் பஸ் ஏறி, கூட்டத்துல போர்டு பாக்ஸை மடியிலயே இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஆரப்பாளையத்துல இறங்கி ஆட்டோ பிடிச்சு வந்தா பாதி ஷட்டர் இறக்கியிருக்கு. "இன்னைக்கு ஸ்டாக் எடுக்குறோம், நாளைக்கு வாங்க." உங்க மெசேஜைக் காட்டினேன், வாங்கிக் கூடப் பாக்கல. நான் தேனியில இருந்து வர்றேன்யா, இதை மட்டும் வாங்கி வச்சுக்கிட்டு ஒரு சீட்டு குடுங்கன்னு கெஞ்சினேன், முடியாதுன்னுட்டு உள்ள போயிட்டாங்க. அன்னைக்கு ஒரு டெலிவரி இருந்துச்சு சார், பொண்ணு வீட்டுக்காரங்க போன் மேல போன்.

அடுத்த தடவை வந்தப்ப கவுன்ட்டர்ல இருந்தவரு பேசின பேச்சைத்தான் இன்னைக்கு வரைக்கும் என்னால ஜீரணிக்க முடியல. போர்டைக் கையில கூட எடுக்காம, "ஓவர்க்ளாக் பண்ணா வாரண்டி போயிரும்னு சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும், தெரியாதவன்லாம் எதுக்கு இதுல கை வைக்கிறீங்க, வேற வேலை இல்லையா"ன்னு அத்தனை பேர் முன்னாடி கேக்குறாரு. ஓவர்க்ளாக் வேண்டாம்னா நான் ஏ520 போர்டு வாங்கியிருப்பேனே, அதுல சிபியூ ஓவர்க்ளாக்கே வராது, விலையும் கம்மி. அது வரும்னு சொல்லித்தான பி550ஐ வித்தீங்க? விக்கும்போது அது வசதி, கெட்டுப்போனா மட்டும் என் குத்தமா? அவரு என்கிட்ட மன்னிப்பு கேக்கணும், எழுத்துல.

ஊர் பூரா வைகாசி முகூர்த்தம், நான் மட்டும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். வந்த ஆர்டர் பூரா வேற ஸ்டூடியோவுக்குப் போச்சு, அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்தேன், வருஷக்கணக்கா சேத்து வச்ச பேரு போச்சு. இந்த ஒரு போர்டால என் பொழப்பே போச்சு சார், லட்சக்கணக்குல நஷ்டம், உங்க கம்பெனியையே எழுதிக் குடுத்தாலும் அது ஈடாகாது.

உங்க மேல எனக்கு எந்த விரோதமும் இல்ல. இதுக்கு முன்னாடி வச்சிருந்ததும் உங்க போர்டுதான், நல்லா உழைச்சுது, அந்த நம்பிக்கையிலதான் மறுபடி வாங்கினேன். அதனால பொறுமையாத்தான் கேக்குறேன், அந்த ரிப்போர்ட்டை ரத்து பண்ணிட்டு வேற போர்டு குடுங்க, இல்லன்னா பில்லுல இருக்குற காசைத் திருப்பிக் குடுங்க. அப்புறம் அந்த ஒன் கிளிக்குல வோல்டேஜ் இதுக்கு மேல போகக் கூடாதுன்னு ஒரு பூட்டு போடுங்க. 2023ல ஏஎம்5 போர்டுங்கள்ல எஸ்ஓசி வோல்டேஜ் (பிராசசருக்குள்ள ஒரு பகுதிக்குப் போற வோல்டேஜ்) எக்குத்தப்பா ஏறி 7000எக்ஸ்3டி சிப் கருகினப்போ, 1.3 வோல்ட்டைத் தாண்டாதபடி பயாஸ்லயே பூட்டச் சொல்லி ஏஎம்டி எல்லாக் கம்பெனிக்கும் சொல்லி, எல்லாரும் அப்டேட் விட்டாங்க. உங்களால முடியாத வேலை இல்ல இது. பாக்ஸ்ல எழுதியிருக்குறதை நம்பி இன்னொரு காலேஜ் பையன் அப்பா காசுல வாங்கி அந்த பட்டனை அமுக்கினா அவன் கதி என்ன?

15 நாள் டைம் தர்றேன். அதுக்குள்ள சரியான பதில் வரலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டு புகார் பதிஞ்சுட்டு, தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே கேஸ் போடுவேன். 2019 சட்டப்படி நான் குடியிருக்குற ஊர்லயே போடலாம், 5 லட்சம் ரூபா வரைக்கும் ஃபீஸும் கிடையாது, விசாரிச்சுட்டேன். அங்க வந்து உங்க வக்கீல் அந்த சாக்கெட்ல பின்னைக் காட்டட்டும். அந்த அளவுக்குக் கொண்டுபோக எனக்கு ஆசை இல்ல, நீங்க கொண்டுபோக வைக்காதீங்க.

போர்டைத் தூக்கிக்கிட்டு இனி மதுரைக்கு வரமாட்டேன். தேவைன்னா உங்க செலவுல கூரியர் ஆள் அனுப்புங்க, குடுக்குறதுக்கு முன்னாடி அந்த சாக்கெட்டை அவரு கண்ணு முன்னாடியே வீடியோ எடுத்துட்டுத்தான் பேக் பண்ணுவேன்.

இப்படிக்கு,
உங்க வாடிக்கையாளர், தேனி