நம்ம குருமனைய இடிக்க விடாத மக்கா

மக்கா, நல்லா இருக்கியா? டியூட்டி முடிச்சு ரூமுக்கு வந்து நிதானமா படி. நம்ம ஊரு பழைய குருமனைய, அதான் சர்ச் பாதிரியாருக்குன்னு கட்டுன வீட்ட, இடிச்சிட்டு கான்கிரீட்ல புதுசா கட்டணும்னு பேசுதாங்கன்னு போன்ல சொன்னேன்லா, "பழைய வீடுதானம்மா, போகட்டும்"னுட்ட. அன்னையிலருந்து மனசே சரியில்ல.

போன வாரம் இடையன்குடி போயிருந்தேன். வெள்ளக்கார பாதிரியார் கால்டுவெல் ஐயர் இருந்த வீட்ட கவர்மென்ட்டே சரிபண்ணி 2011ல நினைவு இல்லமா ஆக்கிருக்குல்லா, அத பாக்கத்தான். விக்டோரியா ராணி காலத்துல, 1841ல, இந்த தேரிக்காட்டுக்கு வந்த மனுசன் நாப்பது வருசத்துக்கு மேல இங்கனயே கெடந்தாரு. நம்ம சனத்தோட பேசிப் பழகித்தான், தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் ஒரே குடும்பம்னு 1856ல அந்த ஒப்பிலக்கண புஸ்தகத்த கொண்டாந்தாரு. பக்கத்துல இருக்க சர்ச் கோயில 1847ல ஆரம்பிச்சு 1880லதான் பிரதிஷ்டை பண்ணிருக்காங்க, 33 வருசம்! ஜன்னல் வளைவு இப்படி வரணும்னு களிமண்ணுல மாதிரி செஞ்சு கொத்தனாருக்கு காட்டுவாராம்.

எனக்கு அவர விட அவரு வீட்டம்மா எலிசா மேலதான் நெனப்பு போச்சு. நாகர்கோவில் மால்ட் ஐயர் மக. பொம்பளப் பிள்ளைகளுக்கு போர்டிங் ஸ்கூல் வச்சு, லேஸ் பின்னவும் கத்துக்குடுத்தாங்க. பனையேறி வீட்டுப் பொம்பளைக தன் கையால சம்பாதிச்ச காசு அது. உங்க பூட்டி பின்னுன லேஸ் துண்டு இன்னும் நம்ம பீரோல மடிச்சு வச்சிருக்கேன், ஓரத்துல லேசா பழுப்பேறிருக்கு, ஒரு கண்ணி கூட விடல. வெள்ளக்காரன் வீடுன்னு ஒதுக்கிட்டா இந்தக் கத எல்லாம் எங்க போயி நிக்கும் சொல்லு.

நம்ம குருமனை சுவரு அடியில உப்பு பூத்து பொறிஞ்சு விழுது, அத காட்டித்தான் கட்டடம் போச்சுங்காங்க. நான் கிட்ட போயி நகத்தால சுரண்டிப் பாத்தேன், விழுறது நடுவுல யாரோ பூசுன சிமெண்ட்டுதான், உள்ள இருக்க சுண்ணாம்பு கல்லு கணக்கா நிக்கி. பழைய கொத்தனார் ஒருத்தர்ட்ட கேட்டேன், சுண்ணாம்புச் சுவரு ஈரத்த இழுத்து வெளிய விட்டுரும், மேல சிமெண்ட்ட பூசுனா ஈரம் உள்ளயே நின்னுக்கிடும்னாரு. அப்ப நோவு சுவத்துல இல்லல்லா, பூச்சுலதான?

நீ சிவில் படிச்ச பிள்ள, நீ சொன்னா கேப்பாங்க. போட்டோ எல்லாம் வாட்ஸ்அப்ல அனுப்பிருக்கேன். சிமெண்ட்ட கொத்தி எடுத்துட்டு திரும்ப சுண்ணாம்பு பூச எவ்வளவு ஆகும்னு ஒரு எஸ்டிமேட் போட்டு அனுப்பு மக்கா. வார ஞாயித்துக்கிழம ஆராதனை முடிஞ்சதும் கமிட்டி கூடுது, அதுக்கு முந்தி என் கையில இருக்கணும்.

அம்மா