நெல்லுக்குள்ளும் மடை உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

பயிர் ஆராய்ச்சி பற்றி எந்தச் செய்தி வந்தாலும் 'வறட்சி தாங்கும் மரபணு', 'விளைச்சல் மரபணு' என்றே தலைப்புப் போடுகிறீர்கள், என்னவோ அந்த மரபணு இருக்கிற பயிர் பிழைத்துவிடும், இல்லாதது கருகிவிடும் என்கிற மாதிரி. முப்பது வருஷம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன், கொஞ்சம் வயலும் உண்டு, அதனால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

கார் பருவத்தில் நாங்கள் நடுகிற அம்பை 16-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். இலையில் இருக்கிற அதே டிஎன்ஏதான் வேரிலும். பச்சையம் செய்கிற மரபணுக்கள் வேருக்குள்ளும் முழுசாக உண்டு, ஆனால் வேர் வெள்ளையாகத்தான் இருக்கிறது. மரபணுவுக்கு முன்னால் புரோமோட்டர் என்று ஒரு துண்டு டிஎன்ஏ இருக்கிறது, மரபணு ஓடுவதும் (அதாவது வேலை செய்வதும்) நிற்பதும் அதைப் பொறுத்தது, நம்ம ஊர்க்காரருக்கு மடை என்றால் சட்டென்று புரியும். அதைத் திறக்கவும் அடைக்கவும் தனிப் புரதங்கள். அவை கண்ட இடத்தில் உட்காராது, டிஎன்ஏவின் ஏ, சி, ஜி, டி என்ற நாலு எழுத்தில் தனக்கென்று உள்ள வரிசையைப் பார்த்துத்தான் உட்காரும். கடைமடையில் மண் காய்ந்ததும் பயிருக்குள் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் ஏறும், அப்போது ஏ-சி-ஜி-டி-ஜி என்ற ஐந்தெழுத்து உள்ள மடைகளில் புரதங்கள் போய் உட்கார்ந்து, வறட்சியைச் சமாளிக்கிற மரபணுக்களை ஓடவிடும். தண்ணீர் பாயும்போதும் அந்த மரபணு உள்ளேதான் இருந்தது, சும்மா கிடந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது. அறுப்பு நாலு நாள் தள்ளிப்போனால் சில நெல் வயலிலேயே உதிர்ந்துவிடும், சிலது அடித்தாலும் விடாது. ஜப்பான்காரர்கள் நெல்லின் இரண்டு பெரிய பிரிவுகளான இண்டிகா, ஜபோனிகா இரண்டிலிருந்தும் ஒவ்வொரு ரகத்தை எடுத்துக் கலந்து இதன் காரணத்தைத் தேடினார்கள். 2006-ல் கிடைத்த விடை: வித்தியாசத்தில் பெரும்பங்குக்குக் காரணம் ஒரே ஓர் எழுத்து, அதுவும் மணியை உதிர வைக்கிற மரபணுவுக்குள் இல்லை, அதிலிருந்து 12,000 எழுத்து தள்ளி! அந்த எழுத்து மாறியதில், மணி காம்பைவிட்டுப் பிரிகிற இடத்தில் மட்டும் அந்த மரபணு ஓடாமல் நின்றுபோயிற்று. கன்னடியன் கால்வாயின் தலைமடையை அடைத்தால் சேரன்மகாதேவியில் வயல் காய்கிறதல்லவா, அதே கதை.

நெல்லின் சுமார் 39 கோடி எழுத்தில் புரதத்துக்கானது கொஞ்சம்தான், மீதி 'குப்பை டிஎன்ஏ' என்றும் உங்கள் பக்கத்தில் படித்தேன். சரி, அதில் வேலையற்றதும் நிறைய இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் மடையெல்லாம் அங்கேதானே இருக்கிறது? அடுத்த முறை எந்த மரபணு என்று எழுதும்போது, அது செடியில் எங்கே, எப்போது ஓடுகிறது என்றும் நிருபரை ஒரு வார்த்தை கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கல்லிடைக்குறிச்சி வாசகர்