சுமைக் குதிரையும் வண்டிக்காரரும்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காய்ச்சல் விட்டது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், வீடு கலகலப்பாக இருக்கிறது.

பணி ஓய்வுக்குப் பிறகு தினமும் ஒரு கோட்டோவியம் போடுகிறாய் என்பதில் ரொம்ப சந்தோஷம். குதிரையை வரைந்தாலே வீரமும் வேகமும்தான் வருகிறது, உழைப்பு வர மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாய். எனக்கு உடனே பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ ஞாபகம் வந்தார்.

1812இல் பாரிஸ் கண்காட்சியில் அவர் வைத்த ஓவியத்தில், வாளேந்திய குதிரைப்படை அதிகாரியைச் சுமந்து ஒரு குதிரை முன்னங்கால்களைத் தூக்கிப் பாய்கிறது. அதே கைதான் 1821இல் லண்டனில் வெளியான கல்லச்சுப் (கல்லில் வரைந்து அச்செடுக்கும் முறை) படத்தொகுப்புக்காக நிலக்கரி வண்டிக் குதிரைகளை வரைந்தது. அதில் அடெல்ஃபி படகுத்துறை வாசல் படத்தை அவசியம் பார். பருத்த குதிரைகள் இருண்ட வளைவுக்குள் நுழைகின்றன. நமக்குத் தெரிவது பின்பக்கம்தான்: அகன்ற தொடைகள், சேணத்தின் வார்கள், கனத்த நடை. கூடப் போகும் வண்டிக்காரர்களும் முதுகைத்தான் காட்டுகிறார்கள். பாய்ச்சலும் இல்லை, பரிதாபமும் இல்லை. தினமும் போகிற வேலைக்குப் போகிறார்கள், அவ்வளவுதான். குதிரைகள் நல்ல வலுவோடு இருப்பதால்தான் அந்தப் படம் எனக்கு உசத்தி. எலும்பு தெரியும் குதிரையை வரைந்து இரக்கம் வாங்குவது சுலபம்.

ஆனால் டச்சு ஓவியர் வான்கோவின் இரக்கத்தை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். 1878 நவம்பரில் பிரஸ்ஸல்ஸ் பக்கம் லேக்கனிலிருந்து தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில், தெருக் கூட்டுபவர்களின் வண்டிகளை இழுக்கும் கிழட்டு வெள்ளைக் குதிரைகளைப் பற்றிச் சொல்கிறார். ஒரு பழைய அச்சுப்படம் அவர் நினைவுக்கு வருகிறது. அதில் உழைத்து ஓய்ந்த வெள்ளைக் குதிரை பொட்டல்வெளியில் நிற்கிறது; தூரத்தில், தோல் உரிப்பவனின் குடிசை அருகே இன்னொரு குதிரையின் எலும்புக்கூடு. வழியில் பார்ப்பதையெல்லாம் வரைய ஆசைதான், ஆனால் அது தன் உண்மையான வேலையைக் கெடுத்துவிடும் என்றும் அதே கடிதத்தில் எழுதுகிறார். உண்மையான வேலை என்று அப்போது அவர் நினைத்தது மதபோதனை! அப்படிச் சொல்லிவிட்டு, நிலக்கரித் தொழிலாளர்கள் ரொட்டி தின்று பீர் குடிக்க வரும் ஒரு சின்னக் கடையை வரைந்து அந்தக் கடிதத்தோடேயே அனுப்பியும் விட்டார். மறுவருஷம் பெல்ஜியத்தின் மார்காஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் 700 மீட்டர் ஆழம் இறங்கியவர், அங்கே கரி வண்டி இழுக்கும் குதிரைகளைப் பற்றியும் கடிதத்தில் எழுதாமல் விடவில்லை.

அதனால், உழைப்புக்குக் குறியீடாக ஒரு குதிரை என்று யோசித்துக்கொண்டு பென்சிலை எடுக்காதே. வார் எங்கே இறுகுகிறது, எந்தக் கால் பளுவைத் தாங்குகிறது என்று பார். அப்புறம், கூட வருகிற ஆளை விட்டுவிடாதே. மெரினாவில் சவாரிக் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடக்கிற பையன்கள் இருப்பார்களே, அவர்களையும் சேர்த்து வரைந்து அனுப்பு. தைப்பொங்கலுக்கு அந்தப் பக்கம் வருவேன், நோட்டு முழுக்கப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
சண்முகம்